கல் நட்ட தெருவிலிருந்து ஓ.எம்.ஆர். வரை

போன மாதம் பெரும்பாக்கத்தில் பெண்கள் கூட்டம் ஒன்று வைத்திருந்தோம். காலை பத்தரைக்கு என்று சொல்லியிருந்தோம். பேச வேண்டிய அக்கா வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டேகால். மந்தைவெளியில் இரண்டு வீடுகளில் வேலை செய்கிறார். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பிப் போய், வேலையை முடித்து, எட்டரைக்கெல்லாம் திரும்பப் பேருந்து ஏறியிருக்கிறார். மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்துக் குறுக்கிய சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று நின்று வந்திருக்கிறது வண்டி. மூச்சு வாங்கியபடி உட்கார்ந்தவர் சொன்னார்: "பச்சை விழுது, நாலு காரு போவுது, மறுபடியும் சிவப்பு. பஸ்ஸு அங்கயே நிக்குது. எங்க வீட்டை இடிச்சப்ப ரோடு போடத்தான் இடிக்கிறோம்னாங்க. அந்த ரோடு எங்க இருக்குன்னுதான் தெரியல."

அடுத்த வாரம் ஒரு கல்லூரியில் சமூகவியல் மாணவர்களோடு கலந்துரையாடல். அவர்களே தேர்ந்தெடுத்த தலைப்பு, சென்னையின் போக்குவரத்து நெரிசல். பேசிய பதினோரு பேரில் ஒன்பது பேர் ஒரே காரணத்தைச் சொன்னார்கள். நம் மக்களுக்கு ஒழுக்கம் இல்லை, சட்டத்துக்குப் பயம் இல்லை. அதிலும் ஆட்டோக்காரர்களும், நடைபாதைக் கடைக்காரர்களும், "அந்த ஏரியா பசங்களும்" ரொம்ப மோசம். எந்த ஏரியா என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

இந்த ஒழுக்கம் என்ற சொல்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. சாலையில் ஒழுங்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிவப்பு விளக்கில் நிற்கத்தான் வேண்டும், தலைக்கவசம் போடத்தான் வேண்டும். ஆனால், தெருவில் யார் போகலாம், எதில் ஏறிப் போகலாம், யாருக்காக யார் ஒதுங்க வேண்டும் என்பதற்கெல்லாம் மோட்டார் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த மண்ணில் கறாரான விதிகள் இருந்தன. அவை மீறப்படாமல் காவல் காக்கவும் பட்டன. அந்த வரலாற்றைத் தள்ளிவிட்டு இன்றைய நெரிசலைப் பேசினால், பழி எங்கே போய் விழும் என்று அந்த வகுப்பறையிலேயே பார்த்துவிட்டேன்.

சென்னையிலிருந்தே தொடங்குவோம். ஆங்கிலேயர் இங்கே கோட்டை கட்டத் தொடங்கியது 1640இல். பன்னிரண்டே ஆண்டுகளில், 1652இல், கோட்டைக்கு வெளியே இருந்த கறுப்பர் நகரத்தில் பெரிய கலகம். காரணம் தெரு. அன்றைய சாதிகள் வலங்கை, இடங்கை என்று இரண்டு அணியாகப் பிரிந்து கிடந்தன. வேளாண்மையையும் அதையொட்டிய வணிகத்தையும் சார்ந்த சாதிகள் வலங்கையில். கம்மாளர் போன்ற கைவினைச் சாதிகளும் சில வணிகச் சாதிகளும் இடங்கையில். ஒரு அணியின் கல்யாண ஊர்வலமோ பிண ஊர்வலமோ அடுத்த அணியின் தெருவுக்குள் போகக்கூடாது. போனால் அடிதடி. கம்பெனி நிர்வாகம் தலையிட்டு, இன்ன தெரு இன்னாருக்கு என்று பிரித்துக் கொடுத்தது.

அதோடு தீரவில்லை. 1707இல் மறுபடியும் ஊர்வலத் தகராறு. கவர்னராக இருந்தவர் தாமஸ் பிட். இந்த முறை எல்லை காட்டக் கற்களையே நட்டார்கள். அந்தக் கற்களும் தகராறுக்குக் காரணமாயின. வலங்கையினர் கூட்டமாகக் கிளம்பிச் சாந்தோமுக்குப் போய்விட்டார்கள். நகரத்தில் வேலை நின்று போனது. கடைசியில் பெத்தநாயக்கன்பேட்டை வலங்கைக்கு, முத்தியால்பேட்டை இடங்கைக்கு என்று முடிவாயிற்று. சென்னையின் முதல் போக்குவரத்து விதி எது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். சாதிக்குச் சாதி தெரு ஒதுக்கி, அதற்குக் கல்லும் நட்டு, அரசே காவல் நின்ற விதி அது.

இதில் நம் ஆட்கள் எங்கே இருந்தார்கள்? பறையர்கள் வலங்கையில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். கைகலப்பு என்று வந்தால் முன்னால் நிறுத்தப்பட்டவர்கள் அவர்கள். அருந்ததியர்கள் இடங்கையில். ஆக, இரண்டு தெருக்களுக்காகவும் அடிவாங்கியவர்கள் தெருவே இல்லாதவர்கள். 18ஆம் நூற்றாண்டின் வரைபடங்களை எடுத்துப் பாருங்கள், கறுப்பர் நகரத்தைத் தாண்டித் தனியாகப் பறைச்சேரி என்று குறித்திருப்பார்கள். ஒதுக்கப்பட்ட தெருப் பட்டியலில் சேரி வராது.

சென்னைக்கு வெளியே நிலைமை இன்னும் பச்சையாக இருந்தது. திருவிதாங்கூரில் பொதுச்சாலையில் நடப்பதற்கே புலையருக்கு உரிமை இல்லை. அங்கேதான் 1893இல் அய்யன்காளி ஒரு வில்லுவண்டி வாங்கினார். காளை பூட்டி, மணி கட்டி, வெள்ளை வேட்டியும் தலைப்பாகையுமாக அதில் ஏறிப் பொதுச்சாலையில் ஓட்டிப் போனார். நடக்கவே கூடாத இடத்தில் வண்டியில் போனார் என்பதைக் கவனியுங்கள். மனு கொடுக்கவில்லை, அனுமதி கேட்கவில்லை. அன்றைய கணக்கில் அது அப்பட்டமான சாலை விதி மீறல். அந்த மீறலை நாம் இன்றும் கொண்டாடுகிறோம்.

1924 மார்ச் 30 அன்று வைக்கம் போராட்டம் தொடங்கியதும் ஒரு சாலைக்காகத்தான். கோயிலுக்குள் போக அல்ல, கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடக்க. பெரியார் போய்ச் சிறைப்பட்டதைப் பாடப்புத்தகம் சொல்லும். அதே 1924இல் சென்னை சட்டமன்றத்தில் நடந்ததைப் பாடப்புத்தகம் அவ்வளவாகச் சொல்வதில்லை. இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் எந்த ஊரிலும் நகரத்திலும் பொதுச்சாலை, தெரு, பாதை எதிலும் நடக்கலாம், பொதுக் கிணற்றையும் குளத்தையும் பொது அலுவலகங்களையும் பயன்படுத்தலாம், யாரும் தடுக்கக்கூடாது என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது. 1925இல் அரசிதழில் வெளியானது. நாம் தெருவில் நடப்பது சட்டப்படி சரி என்று அரசு எழுத்தில் கொடுத்து இப்போதுதான் நூறு ஆண்டு ஆகிறது. என் பாட்டியின் அம்மா பிறந்தபோது அந்தத் தாள் இல்லை.

தாள் வந்தபின் என்ன ஆயிற்று? பாலக்காடு அன்று சென்னை மாகாணத்தில் இருந்தது. 1924 நவம்பரில் அங்கே கல்பாத்தித் தேர்த் திருவிழா. தீர்மானத்தை நம்பி அக்கிரகாரத் தெருவுக்குள் போன ஈழவர்கள் அடித்து விரட்டப்பட்டார்கள். விதி எழுதுவது வேறு, அதை அமல்படுத்துவது வேறு. அமலாக்கம் சரியில்லை என்று இன்று சிக்னலில் நிற்கும் கார்க்காரர் அலுத்துக்கொள்கிறார் அல்லவா, அந்த அலுப்பில் நமக்கு நூறு ஆண்டு அனுபவம் இருக்கிறது.

அம்பேத்கர் விபத்தில் கால் உடைந்த கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், ஏனென்றால் சாலை விபத்தைச் சாதியோடு சேர்த்து எழுதிய முதல் ஆவணமாகவே அதை நான் படிக்கிறேன். 1929 அக்டோபர். பம்பாய் அரசு அமைத்த குழு ஒன்றின் உறுப்பினராகக் கள விசாரணைக்குப் போன அம்பேத்கர், சாளிஸ்காவ் ரயில் நிலையத்தில் இறங்குகிறார். மகர்வாடாவுக்கு அழைத்துப் போக மக்கள் காத்திருக்கிறார்கள். ஆனால் குதிரைவண்டிக்காரர்கள் யாரும் தீண்டப்படாத ஒருவரை ஏற்றி ஓட்டத் தயாராக இல்லை. கடைசியில் ஒரு சமரசம்: வண்டியை வாடகைக்குத் தருகிறோம், ஓட்ட வரமாட்டோம். மகர் சமூகத்து ஆள் ஒருவர் ஓட்டுகிறார். அவருக்கு வண்டி ஓட்டிப் பழக்கமில்லை. சிறுபாலத்தில் சக்கரம் சிக்கிக் குதிரை மிரண்டு வண்டி குலுங்க, கல் தரையில் தூக்கி எறியப்பட்ட அம்பேத்கரின் கால் எலும்பு முறிகிறது. லண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்றவர் அவர். என்ன நடந்தது என்ற முழு விவரம் அவருக்கே பிற்பாடுதான் சொல்லப்பட்டது.

இந்த விபத்தை இன்றைய போக்குவரத்துக் காவலர் பதிவு செய்தால் என்ன எழுதுவார்? ஓட்டுநர் உரிமம் இல்லை, கவனக்குறைவு. அவ்வளவுதான். பழகிய ஓட்டுநர் ஏன் ஓட்டவில்லை என்று எந்தப் படிவத்திலும் கேள்வி இருக்காது. இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவோம்.

சென்னைக்கு 1895இல் மின்சார டிராம் வந்தது. 1931இல் கடற்கரை, தாம்பரம் இடையே மின்சார ரயில். இவை நகரத்தில் நமக்கு ஒரு புதிய அனுபவம். டிக்கெட் வாங்கியவர் உட்காரலாம், பக்கத்தில் இருப்பவர் யாரென்று கேட்க நேரமில்லை. கிராமத்தை விட்டு வெளியேறுங்கள் என்று அம்பேத்கர் சொன்னதன் ருசியை முதலில் அறிந்தவர்கள் அந்தப் பயணிகளாக இருக்க வேண்டும். மில், துறைமுகம், ரயில்வே பட்டறை என்று வடசென்னைத் தொழிலாளர் வாழ்க்கை இந்தப் பொது வண்டிகளைச் சுற்றித்தான் அமைந்தது. டிராமை 1953 ஏப்ரலில் நிறுத்தினார்கள். நகரத்தின் மறுபக்கத்தில் மனிதனை மனிதன் இழுக்கும் கை ரிக்‌ஷா மட்டும் அதன் பிறகும் இருபது ஆண்டு ஓடியது. 1973இல்தான் தமிழக அரசு அதை ஒழித்தது. அதே ஆண்டு ஜூலையில் ஜெமினி மேம்பாலம் திறக்கப்பட்டது. சென்னையின் முதல் மேம்பாலம். ஒரே ஆண்டில் இழுத்தவர் இறங்க, கார் மேலே ஏறியது. தற்செயல்தான், ஆனாலும் எனக்கு அந்த ஆண்டின் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

பேருந்துக்கு வருவோம். 1994இல் பல்லவன் போக்குவரத்துக் கழகத்தைப் பிரித்து வடசென்னைக்கு ஒரு தனிக் கழகம் அமைத்தார்கள். அதன் பெயர் டாக்டர் அம்பேத்கர் போக்குவரத்துக் கழகம். வியாசர்பாடியில் சின்னப் பையனாக நின்றுகொண்டு, பேருந்தின் பக்கவாட்டில் எழுதியிருந்த அந்தப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தது எனக்கு நினைவிருக்கிறது. அப்பா அந்த வண்டி வந்தால்தான் ஏறுவார். அந்தப் பெயர் மூன்றே ஆண்டு இருந்தது. 1997இல் தென்மாவட்டத்தில் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் அறிவிக்கப்பட்டதும் ஆதிக்கச் சாதியினர் கொந்தளித்தார்கள். ஒரு தலித் வீரனின் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்றார்கள். கல்வீச்சு, தீவைப்பு, கொலைகள். அரசு கண்டுபிடித்த தீர்வு, எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் எடுத்துவிடுவது. 1997 ஜூலை 1 முதல் வடசென்னைப் பேருந்துகளிலிருந்து அம்பேத்கரும் இறங்கிவிட்டார். சாளிஸ்காவில் அவரை ஏற்ற மறுத்த வண்டிக்காரர்களுக்கும், சுந்தரலிங்கம் பேருந்தில் ஏற மறுத்த பயணிகளுக்கும் நடுவே 68 ஆண்டு இடைவெளி.

இனி அக்காவின் கேள்விக்கு வருகிறேன். அந்த ரோடு எங்கே?

1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டபோது, குடிசை இருந்த இடத்திலேயே அடுக்கு வீடு கட்டித் தருவது என்பதே பேச்சாக இருந்தது. நகரத்துக்குள் இன்றும் நிற்கிற பழைய வாரியக் குடியிருப்புகள் அப்படி வந்தவை. அவற்றின் தரம் பற்றி எவ்வளவு குறை சொன்னாலும், வேலைக்கு நடந்து போகிற தூரத்தில் அவை இருந்தன. 2000க்குப் பிறகு கதை மாறியது. கண்ணகி நகரில் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். பிறகு செம்மஞ்சேரி, அதன் பிறகு பெரும்பாக்கத்தில் எட்டு மாடி அடுக்குகள். எல்லாமே ஓ.எம்.ஆர். எனும் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டியவை. நகரத்தின் நடுவிலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல். கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளில் இருந்தவர்களைக் கொண்டுவந்து கொட்டினார்கள். 2015 வெள்ளத்துக்குப் பின் அது இன்னும் வேகமெடுத்தது. அப்படிக் கொண்டுவரப்பட்டவர்களில் பெரும்பங்கு தலித்துகள் என்பது அங்கே ஒரு நாள் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

காரணங்கள் பலவாகச் சொல்லப்பட்டன. வெள்ள ஆபத்து, ஆற்றைச் சுத்தம் செய்தல், பறக்கும் ரயில், சாலை. சாலை என்றதும் நினைவுக்கு வருவது மதுரவாயல், துறைமுகம் பறக்கும் சாலை. துறைமுகத்துக்குப் போகும் சரக்கு லாரிகள் நகரத்தில் நெரிசல் உண்டாக்குகின்றன, அதனால் கூவத்தின் மேலேயே 19 கிலோமீட்டருக்கு உயர்மட்டச் சாலை என்று 2009 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். கரையோரக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 2012இல் வேலை நிறுத்தப்பட்டது. பத்து ஆண்டு அந்தத் தூண்கள் ஆற்றுக்குள் மொட்டையாக நின்றன. 2022 மே மாதம் ஈரடுக்குச் சாலையாக மறுபடி அடிக்கல். வீடு போனவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். சாலை பிறகு வருமாம்.

நெரிசல் எப்படி உண்டாகிறது என்று சமூகவியல் மாணவர்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். மந்தைவெளியில் வீட்டு வேலை செய்பவர் மந்தைவெளிக்குப் பக்கத்தில் குடியிருந்தபோது சாலைக்கு அவரால் எந்தச் சுமையும் இல்லை. நடந்து போனார். அவரைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பியதும் நாளொன்றுக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் புதிய பயணம் உண்டாகிறது. இப்படி ஆயிரக்கணக்கான குடும்பங்கள். பேருந்து போதவில்லை என்றால் ஷேர் ஆட்டோ, அதுவும் சரிப்படாவிட்டால் மகன் தவணையில் ஒரு பைக் வாங்குகிறான். அந்தப் பைக்தான் கடைசியில் கார்க்காரர் கண்ணுக்கு "குறுக்கே புகுந்து வரும் பைக்" ஆகிறது. நெரிசலைக் குறைக்க என்று ஏழைகளை வெளியே அனுப்பி, அனுப்பியதாலேயே நெரிசலைக் கூட்டியிருக்கிறார்கள்.

நெரிசலில் எல்லோரும் சமம், ஆடி காரும் அரசுப் பேருந்தும் ஒரே இடத்தில்தானே நிற்கின்றன என்று ஒரு நண்பர் வேடிக்கையாகச் சொன்னார். நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். உண்மையில் காரில் இருப்பவர் அரை மணி நேரம் தாமதமாகப் போனால் கூட்டம் தள்ளிப்போகும். அக்கா அரை மணி தாமதமாகப் போனால் ஒரு வீட்டு வேலை போய்விடும். அது போக, பேருந்து ஒன்று மூன்று கார் நிற்கும் இடத்தில் அறுபது எழுபது பேரைச் சுமந்து நிற்கிறது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நல்ல திட்டம், அதைக் கிண்டல் செய்பவர்களோடு நான் எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் கட்டணம் இல்லாத பேருந்தும் சிக்னலில் நகர வேண்டும் அல்லவா. அதற்குத் தனித் தடம் கொடுக்க வேண்டும் என்ற பேச்சு வந்தால் மட்டும் சாலை அகலம் போதாது என்கிறார்கள். மேம்பாலத்துக்கு அகலம் கிடைக்கிறது, ஆற்றுக்கு நடுவிலேயே கிடைக்கிறது.

இப்போது அமலாக்கம். ஒன்றிய அரசின் சாலை விபத்து அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 2022இல் இந்தியா முழுவதும் 1,68,491 பேர் சாலையில் செத்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில், 64,105 என்று, தமிழ்நாடுதான் நாட்டிலேயே முதலிடம். செத்தவர்களில் ஏறக்குறைய 45 விழுக்காடு இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். 32,825 பேர் நடந்து போனவர்கள், ஐந்தில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். விபத்துக்கான காரணங்களில் அதிவேகம்தான் முன்னால் நிற்கிறது. அந்த அறிக்கை வயது சொல்லும், ஆணா பெண்ணா சொல்லும், தலைக்கவசம் போட்டிருந்தாரா, வளைவா நேர்ச்சாலையா, மழையா வெயிலா எல்லாம் சொல்லும். சாதி சொல்லாது. செத்த 17,884 பேரில் நம்மவர் எத்தனை பேர் என்று யாராலும் சொல்ல முடியாது. சாளிஸ்காவ் படிவத்தில் இல்லாத அதே கட்டம்.

அபராதத்தைப் பாருங்கள். 2019இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டது. தமிழகத்தில் 2022 அக்டோபர் முதல் புதிய அபராதம். தலைக்கவசம் இல்லையென்றால் 100 ரூபாய் என்பது 1,000 ஆனது. உயிரைக் காக்கும் விதி என்பதால் தலைக்கவசத்துக்கு எதிராக நான் ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன், நம் பிள்ளைகள்தான் அதிகம் சாகிறார்கள். கேள்வி வேறு. ஆயிரம் ரூபாய் ஒருவருக்கு ஒரு வேளை ஓட்டல் பில், இன்னொருவருக்கு இரண்டு நாள் கூலி. தலைக்கவசம் பிடிக்கச் சாலையோரம் நின்றால் போதும். மரணத்துக்குப் பெரிய காரணமான வேகத்தைப் பிடிக்கக் கருவியும் ஆளும் தொடர்ந்த கண்காணிப்பும் வேண்டும். எது சுலபமோ அதுவே அமலாகிறது.

எங்கள் குடியிருப்புத் தம்பி ஒருவன் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்கிறான். ஒரு இரவு வாகனச் சோதனையில் நிறுத்தப்பட்டு எனக்குப் போன் செய்தான். போனேன். உரிமம், காப்பீடு, தலைக்கவசம் எல்லாம் இருந்தன. கூடவே நிறுத்தப்பட்ட இன்னும் இரண்டு பேர் தாளைக் காட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். இவனிடம் மட்டும் "எந்த ஏரியா?" என்று கேட்டிருக்கிறார்கள். கண்ணகி நகர் என்றதும் வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வண்டி எண்ணைச் சரிபார்க்க வேண்டுமாம். ஒரு மணி நேரம் ஆனது. அன்றிரவு வந்த அழைப்புகளெல்லாம் போய், கணக்கும் குறைந்தது. திரும்பும் வழியில் அவன் ஒன்று சொன்னான்: "அண்ணா, இனிமே மயிலாப்பூர்னு சொல்லிடவா?" அவன் தாத்தா காலத்தில் ஊர்த்தெருவில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். இவன் இறங்க வேண்டியதில்லை, ஏரியா பெயரை மட்டும் இறக்கி வைக்க வேண்டும்.

நகரத்துக்கு வெளியே அந்தப் பழைய விதி இன்னும் சாகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. புல்லட் ஓட்டிப் போனதுதான் காரணம் என்பது குடும்பத்தாரின் புகார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. வில்லுவண்டிக்கும் புல்லட்டுக்கும் இடையே 130 ஆண்டுகளுக்கு மேல் போய்விட்டன.

விதியை யார் மீது ஏவுகிறார்கள் என்பதற்கு மெரினா லூப் சாலை நல்ல பாடம். நொச்சிக்குப்பத்து மீனவர்கள் காலம் காலமாக மீன் விற்று, வலை காயவைத்த கடற்கரை. அதன் குறுக்கே சாலை வந்தது. சாந்தோம் நெரிசலுக்கு மாற்றுவழியாக அதில் வண்டிகள் வந்தன. பிறகு 2023 ஏப்ரலில், மீன் கடைகள் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது, மாநகராட்சி கடைகளை அகற்றியது. மீனவர்கள் படகைச் சாலையில் போட்டு மறித்தார்கள். சாலை வந்து கடற்கரையை ஆக்கிரமித்ததா, மீன்காரர்கள் சாலையை ஆக்கிரமித்தார்களா? 2014இல் தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதே ஆண்டு சென்னை மாநகராட்சி, நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது, நாட்டிலேயே முதல் நகரமாக. இந்த இரண்டு தாள்களையும் கையில் வைத்துக்கொண்டு வடசென்னையில் ஒரு கிலோமீட்டர் நடைபாதையில் நடந்து பாருங்கள். நடைபாதையைத் தேடித்தான் பாதி நேரம் போகும்.

சாலைக்கு அடியிலும் நம் ஆட்கள் இருக்கிறார்கள். பாதாளச் சாக்கடை மூடிகள் பெரும்பாலும் சாலை நடுவில்தான். போக்குவரத்து கெடக்கூடாது என்பதற்காக அடைப்பு எடுக்கும் வேலை இரவில். துப்புரவுத் தொழிலாளர்கள் விடியற்காலை இருட்டில் சாலையைப் பெருக்குகிறார்கள், பக்கத்தில் வேகமாக வண்டி போகிறது. சாக்கடை மரணத்துக்கு இழப்பீடு 30 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உயர்த்தியிருக்கிறது. பெருக்கும்போது கார் மோதிச் செத்தால் கணக்கே வேறு.

அந்தக் கணக்கை இளைஞர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். விபத்தில் இறந்தவருக்கு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் இழப்பீடு வகுக்கும்போது அவருடைய வருமானத்தை எடுத்து, வயதுக்கு ஏற்ற எண்ணால் பெருக்குகிறது. சம்பளச் சீட்டு உள்ளவரின் உயிருக்கு ஒரு விலை. வீட்டு வேலை செய்த அக்காவுக்குச் சம்பளச் சீட்டு ஏது? உத்தேசமாக ஒரு தொகையை வைப்பார்கள், அது எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். படிப்பும் வேலையும் சாதி வழியாக வந்த நாட்டில், உயிரின் விலையும் அதே வழியாகத்தான் வந்து சேர்கிறது. மோதிய வண்டி எது என்றே தெரியாமல் போனால், 2022 ஏப்ரலிலிருந்து இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50 ஆயிரம். அதற்கு முன்பு இறப்புக்கு 25 ஆயிரம்தான். இதைக்கூடக் கேட்டு வாங்கத் தெரியாமல் விட்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்பதும், அடிபட்டவரை மருத்துவமனைக்குத் தூக்கிப் போனவரைக் காவல்துறை அலைக்கழிக்கக்கூடாது என்பதும் நம் குடியிருப்புகளில் சுவரில் எழுதி வைக்க வேண்டிய விஷயங்கள்.

அந்தக் கல்லூரி மாணவர்களிடம் இதில் பாதியைத்தான் சொல்ல முடிந்தது, மணி அடித்துவிட்டது. பின்வரிசையில் கடைசி வரை பேசாமல் இருந்த ஒரு தங்கை வெளியே வந்து, தான் செம்மஞ்சேரியிலிருந்து வருவதாகச் சொன்னாள். வகுப்பில் யாருக்கும் தெரியாதாம். தினமும் எத்தனை மணிக்குக் கிளம்புகிறாய் என்று கேட்டேன். ஐந்தே முக்கால் என்றாள். ஒரு வேலை செய்யலாமா என்று இருவரும் பேசிக்கொண்டோம். செம்மஞ்சேரி, கண்ணகி நகர், பெரும்பாக்கம் மூன்று இடங்களிலும் வீட்டுக்கு ஒருவராக, எத்தனை மணிக்குக் கிளம்பினார், எங்கே மாறினார், எத்தனை நிமிடம் நின்றார், தாமதத்தால் என்ன இழந்தார், சாலையில் யாரைப் பறிகொடுத்தார் என்று ஒரு மாதத்துக்கு எழுதி வைப்பது. படிவத்தில் சாதிக்கும் ஒரு கட்டம் உண்டு. அவள் ஏற்கெனவே ஆறு பேரைச் சேர்த்துவிட்டாள். பெரும்பாக்கம் அக்காவும் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார், கையெழுத்து மோசமாக இருக்கும் என்ற எச்சரிக்கையோடு. அடுத்த ஞாயிறு மாலை நான்கு மணிக்குச் செம்மஞ்சேரியில் கூடுகிறோம். தூரத்திலிருந்து வரும் தோழர்கள் இரண்டு மணிக்கே கிளம்பிவிடுங்கள்.